தேங்காய் துருவுகிற சத்தம்

"என்ன மாதிரிச் சத்தம் சேர்?"

பிலிமத்தலாவையில் அந்த வயதான பாஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். சிங்களத்தில் கேட்டார். பொனட்டைத் திறக்கச் சொல்லவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவும் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பத்திரண்டு வருடங்கள் தமிழ் படிப்பித்தவன் நான். சலசல, கலகல, மடமட, கரகர என்று இரட்டைக்கிளவியை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். இரண்டாய்ச் சேர்ந்தே வரும், பிரித்தால் பொருள் தராது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைக்கொண்டு வாக்கியம் அமைப்பித்திருக்கிறேன். அன்று அந்த மனிதரின் கேள்விக்கு என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. "ஒரு மாதிரி... கீறுற மாதிரி... இடைக்கிடை வருது" என்று இழுத்தேன். அப்போதுதான் மூன்று மாதங்களுக்கு முன் என் மருமகன் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் ஒரே வசனத்தில் சொல்லியிருந்தான். நான் அதைக் கேட்டுச் சிரித்திருந்தேன்.

கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தில் பலரும் செய்வதுபோல நானும் ஒரு பகுதியை வீட்டுக்கும் ஒரு பகுதியை மகளின் கல்யாணத்துக்கும் செலவழித்தேன். மிஞ்சியதில் ஒரு பழைய டபிள் கெப் வாங்கினேன். தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்தது. 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், டேர்போ இல்லை. அதோடு சேர்த்து, பின்னால் கொழுவி இழுத்துச் செல்லக்கூடிய ஒரு கொங்கிரீட் மிக்சரும் வாங்கினேன். அக்குறணைப் பக்கம் வீடு கட்டாத ஆள் குறைவு. ஸ்லெப் போடுகிற நாளில் மிக்சருக்கு எப்போதும் தேவை இருக்கும். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியும். ஆனால் தொழிலாக ஓட்டுகிற தைரியம் கிடையாது. என் தங்கச்சியின் மூத்த மகன் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தான். தங்கச்சி விதவை. அவனுக்குக் கீழே இரண்டு பெண் பிள்ளைகள். "நானா, இவனுக்கு ஒரு வழி பண்ணுங்களே" என்று அவள் சொன்னது என் காதில் இருந்தது. சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

பழைய வாகனத்தை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று வெளிநாட்டிலிருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் இருபத்தைந்து, முப்பது வயது வாகனங்கள்தான் இந்த மலைநாட்டின் பாரத்தை இழுத்தன. 2022இல் டீசல் வரிசைகளில் இரவு பகலாகக் காத்துக் கிடந்ததும் அவைதான். இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதைவிட நமக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆகவே ஒரு சத்தம் வந்தால் அது வெறும் சத்தம் அல்ல. அடுத்த மாதச் சம்பளமும் அடுப்பும் அதில்தான் இருந்தன.

2024இன் நடுப்பகுதி என்று ஞாபகம். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு மருமகன் வந்து சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, ஏத்தத்துல மிக்சர இழுக்கிற நேரம் எஞ்சின் பக்கம் ஒரு சத்தம் வருது. தேங்காய் துருவுற மாதிரி. கொஞ்ச நேரம் வரும், பொறகு நிக்கும்."

"தேங்காய் துருவுறதா? சம்பல் இடிக்கிற சத்தம் வரல்லையா மகன்?" என்று கேட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆனால் அவன் கண் சிரிக்கவில்லை என்பது இப்போது யோசிக்கும்போது தெரிகிறது.

அடுத்த நாள் நானே அவனோடு ஏறி உட்கார்ந்து போனேன். அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை போய்த் திரும்பினோம். மிக்சரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். ஒரு சத்தமும் இல்லை. பழைய டீசல் எஞ்சினின் வழமையான கடகடப்பு மட்டும்தான். "எங்கடா உன் தேங்காய்?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் விடாமல் கேட்டதால் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒருவர் நீண்ட ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை எஞ்சினின் ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியைக் காதில் ஒற்றிக் கேட்டார். டொக்டர் ஸ்டெதெஸ்கோப் வைத்துக் கேட்பது போலத்தான். "எஞ்சின் நல்லம். ஒரு சத்தமும் இல்ல" என்றார். இரண்டாவது கராஜில், பாரம் இழுக்கும்போது டீசல் எஞ்சின் தட்டுவது இன்ஜெக்டர் கோளாறினால் என்றார்கள். நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி, நொசில் மாற்றி, பம்பையும் பார்த்தார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் போனது. வாகனம் கொஞ்சம் இலகுவாக ஓடியது உண்மை. ஆனால் அடுத்த வாரமே மருமகன் வந்து, "சத்தம் அப்படியே ஈக்கி மாமா" என்றான்.

மூன்றாவது ஆள் இன்னொரு விளக்கம் தந்தார். இந்த மாதிரி வாகனங்களில் ரேடியேட்டருக்குப் பின்னாலிருக்கும் விசிறி நேரடியாக எஞ்சினோடு பூட்டப்பட்டதில்லை. நடுவில் ஒரு கிளச் இருக்கிறது. அதற்குள் சிலிக்கோன் எண்ணெய். முன்பக்கம் சுருள் சுருளாக ஒரு உலோகத் தகடு. ரேடியேட்டரிலிருந்து சூடான காற்று வந்து அந்தத் தகட்டில் பட்டால், அது முறுகி உள்ளே வழியைத் திறந்துவிடும். எண்ணெய் பாய்ந்து விசிறியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அப்போது விசிறி எஞ்சினோடு சேர்ந்து வேகமாகச் சுழன்று 'ஓ'வென்று இரையும். சூடு தணிந்தால் மறுபடி தளர்ந்துவிடும். "ஏத்தத்துல மட்டும் வந்து போற சத்தம் என்டா அதுதான். அது பழுது இல்ல, அதுட வேலையே அதுதான்" என்றார் அவர்.

எனக்கு அந்த விளக்கம் பிடித்துப்போயிற்று. ஒரு மனிதன் தான் கேட்க விரும்பும் பதில் கிடைக்கும்வரைதான் விசாரிப்பான் போலும். சத்தம் உண்டு, ஆனால் பழுது இல்லை. செலவும் இல்லை. அதற்குப் பிறகு மருமகன் சத்தத்தைப் பற்றிப் பேசினால் நான் எரிச்சல்படத் தொடங்கினேன். "காத்துட இரைச்சல் இல்ல மாமா, உரசுற சத்தம்" என்று அவன் இரண்டு முறை சொன்னான். நான் காது கொடுக்கவில்லை.

பிறகுதான் அந்த மாவனல்லை ஹயர் வந்தது. மூன்று மாடிக் கட்டிடம். இரண்டு நாள் வேலை. நல்ல பணம். மிக்சரைக் கொண்டுபோகும்போது இறக்கம். திரும்பி வரும்போது கடுகண்ணாவை ஏற்றம் முழுவதும் இழுத்துக்கொண்டு வரவேண்டும். மருமகன் மாட்டேன் என்றான். "சத்தத்தக் கண்டுபிடிக்காம அந்த ஏத்தத்துல இழுக்க ஏலா மாமா. நடுவுல நின்டா பின்னால மிக்சரோட என்ன செய்ற?" என்றான். ஹயர் தப்பிப் போயிற்று. வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

அன்று என் வீட்டு விறாந்தையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் நான் சொன்னேன்: "இவனுக்குச் சத்தம் எஞ்சின்ல இல்ல, ஒடம்புல. வேலைக்குக் கள்ளம்." அதோடு நிற்கவில்லை. கையிலிருந்து போன ஹயரின் நட்டம் என்று அவனுக்குத் தரவேண்டிய நாலாயிரம் ரூபாயையும் நிறுத்தி வைத்தேன். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்தவன், மிம்பரில் அதைக் கேட்டுத் தலையாட்டியவன், சொந்த இரத்தத்துக்கே அதைச் செய்தேன். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாவியைக் கதிரையில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. தங்கச்சியும் வரவில்லை.

மூன்று வாரம் வாகனம் சும்மா கிடந்தது. மாவனல்லையில் மறுபடியும் ஒரு வேலை. அதே ஆட்கள், இன்னொரு தட்டு. எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பினேன். அந்தப் பையன் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் போனேன் என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை.

போகும் வழி சுகமாகவே இருந்தது. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, பிலிமத்தலாவை, கடுகண்ணாவை. அங்கிருந்து இறக்கம். 1832இல் டோசன் கப்டனின் ஞாபகார்த்தமாகக் கட்டிய கோபுரத்தைக் கடந்து, பாறையைக் குடைந்து அந்தக் காலத்தில் பாதை கொண்டுபோன இடத்தையும் கடந்து, வளைவு வளைவாக இறங்கினேன். மிக்சர் பின்னால் மெல்லத் தள்ளியது. ஒரு சத்தமும் இல்லை. "பார்த்தியா" என்று மனதுக்குள் மருமகனிடம் சொல்லிக்கொண்டேன்.

இந்த மலை சும்மா மலை அல்ல. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபோதும் இதே மலைதான் குறுக்கே நின்றது. நீராவி எஞ்சின்களின் காலத்தில் ரம்புக்கனையில் இன்னொரு எஞ்சினைப் பூட்டித்தான் ரயிலை மேலே ஏற்றுவார்கள். சமதரையில் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். அதன் உண்மை தெரிவது ரம்புக்கனைக்கு இப்பால்தான். இது சின்ன வயதில் ரயில்வேயில் வேலை செய்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கேட்டது. அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு மிக்சரைக் கொழுவிக்கொண்டு மாவனல்லையிலிருந்து திரும்பினேன். ஹிங்குலையைக் கடந்து கணேதென்னைப் பக்கம் வந்ததும் ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது கியரில் இழுவை போதவில்லை. இரண்டாவதுக்கு மாற்றி எக்ஸலரேட்டரை அழுத்தினேன். விசிறியின் இரைச்சல் எழுந்தது. மூன்றாவது ஆள் சொன்ன 'ஓ' அதுதான். அதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

ஒரு வளைவில் முன்னால் போன லொறி வேகத்தைக் குறைத்தது. நானும் குறைத்து, மறுபடி முழுவதும் அழுத்தினேன். அப்போது வந்தது.

கரக்... கரக்... கரக்கரக்கரக். என் கால்களுக்கு முன்னால், பொனட்டுக்குள்ளிருந்து. உம்மா குசினியில் குந்தியிருந்து தேங்காய்ப் பாதியைத் திருப்பித் திருப்பித் துருவுகிற அதே சத்தம். சிரட்டையில் பல் படும்போது வருமே, அந்தக் கரகரப்பு. வேறு ஒரு சொல்லாலும் அதைச் சொல்ல முடியாது.

பயத்தில் காலை எடுத்தேன். சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினேன், வந்தது. பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. வியர்த்துக் கொட்டியது. ஓரமாக ஒரு கடைக்கு முன்னால் இடம் கிடைத்ததும் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, பொனட்டைத் திறந்தேன். எஞ்சின் ஒரு பாவமும் அறியாத பிள்ளை மாதிரி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் எக்ஸலரேட்டரை அழுத்திப் பார்த்தேன். சத்தமில்லை. கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்றார். மூன்று மாதம் நான் சொன்னதையே அவர் என்னிடம் சொன்னார்.

காலை எடுத்து எடுத்து, முதலாவது கியரில் ஊர்ந்து, எப்படியோ மேலே வந்து சேர்ந்தேன். பிலிமத்தலாவையில் அந்தப் பாஸின் கராஜைக் கடைக்காரர்தான் சொல்லியிருந்தார். அங்கேதான் அந்தக் கேள்வி. "என்ன மாதிரிச் சத்தம் சேர்?"

கடைசியில் சொன்னேன். தேங்காய் துருவுகிற சத்தம் என்று. அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, "எப்போது வரும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். வருகிறதா இல்லையா என்று கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

மிக்சரைக் கழற்றப் போனேன். தடுத்தார். "அதைக் கழற்றினால் சத்தத்தையும் கழற்றின மாதிரி" என்றார். மறுநாள் காலை வரச் சொன்னார். மிக்சரோடு கடுகண்ணாவைக்குப் போய், பாதி தூரம் இறங்கி, திரும்பி ஏறினோம். அவரது உதவிப் பையன் ஓட்டினான். பாஸ் பக்கத்து ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான் பின்னால் இருந்தேன்.

இறங்கும்போது சத்தமில்லை. ஏறும்போது அதே இடத்தில் வந்தது. "கிளச்சை மிதி" என்றார். மிதித்ததும் சத்தம் அறுந்தது. சமமான ஓரிடத்தில் நிறுத்தி, கியர் இல்லாமல் எஞ்சினை முறுக்கச் சொன்னார், சத்தமில்லை. மறுபடி ஏறும்போது, சத்தம் வந்துகொண்டிருக்கையிலேயே இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றச் சொன்னார். சத்தம் நிற்கவில்லை, ஆனால் அதன் தாளம் மெதுவானது.

திரும்பி வந்து தேநீர் குடித்துக்கொண்டே எனக்கு விளக்கினார். அந்த விளக்கத்தை நான் ஒரு பாடம் போலக் கேட்டேன்.

வாகனத்தின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிற சத்தமென்றால் சில்லு, பெயாரிங், பின்னால் போகும் தண்டு, அல்லது இழுக்கும் கொக்கி. ஆனால் இறக்கத்தில் இதே வேகத்தில் வந்தோம், சத்தமில்லை. கிளச்சை மிதித்தபோதும் வாகனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் சத்தம் நின்றது. ஆகவே அவையெல்லாம் இல்லை. எஞ்சினின் சுழற்சியோடு மட்டும் வருகிற சத்தமென்றால் பெல்ட், டைனமோ, வோட்டர் பம்ப். ஆனால் நின்ற இடத்தில் முறுக்கியபோது வரவில்லை. ஆகவே அவையும் இல்லை. கியர் மாறியதும் தாளம் மாறியது. எனவே தாளம் எஞ்சினுடையது. ஆனால் தொடங்கி வைப்பது பாரம். எஞ்சின் பலமாக இழுக்கும்போது மட்டும் என்ன நடக்கிறது?

"எஞ்சின் சில்லைச் சுற்றுகிறது. சில்லு சுற்ற மறுத்தால், எஞ்சினே மற்றப் பக்கம் திரும்பப் பார்க்கும்" என்றார். "அதைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு றப்பர்த் துண்டு."

டோர்ச்சை எடுத்து, விசிறியைச் சுற்றியிருக்கும் கறுத்த பிளாஸ்டிக் உறையைக் காட்டினார். எல்லா இடமும் தூசியும் எண்ணெயும் படிந்திருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும், உள்ளங்கை நீளத்துக்கு, புதிதாகச் சுரண்டியது போல் ஒரு பிறை வடிவக் கீறல் பளபளத்தது. கீழே பிளாஸ்டிக் தூள். துருவிய தேங்காய்ப்பூ மாதிரி. கறுப்புத் தேங்காய்ப்பூ.

மூன்று கராஜ்காரர்களும் எஞ்சினைத்தான் பார்த்தார்கள். இந்தக் கீறல் அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது.

பிறகு சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒருவரையும் வாகனத்துக்கு முன்னால் நிற்கவிடாமல் விலக்கிவிட்டு, பையனைக் கொண்டு முதலாவது கியரில் கிளச்சை மெதுவாக விடச் சொன்னார். எஞ்சின் திணறியது. அதன் இடது பக்கம் மெல்ல எழுந்து வந்தது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. விசிறி உறையில் உரசியது. கரக். கிளச்சை மிதித்ததும் 'தப்'பென்று பழைய இடத்தில் உட்கார்ந்தது.

இடது பக்க மவுண்டிங்கைக் கழற்றி என் கையில் தந்தார். இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே ஒட்டியிருக்க வேண்டிய றப்பர் முழுவதுமாக விட்டுப் போயிருந்தது. வைத்தால் முழுசாகத் தெரியும். இழுத்தால் இரண்டு துண்டாக வரும். எஞ்சின் சும்மா நிற்கும்போது தன் பாரத்தாலேயே அதன்மேல் உட்கார்ந்திருக்கும். யாருக்கும் தெரியாது. எஞ்சின் பலமாக இழுக்கும்போதுதான் அந்தப் பக்கம் மேலே எழும்பும், பிளவு திறக்கும். மேலே டெப்பட் கவர் பெக்கிங்கிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக வருடக்கணக்கில் அதில் விழுந்திருக்கிறது. இறப்பர் மரத்துப் பாலில் செய்த பொருளுக்கு எண்ணெய் ஆகாது. ஊறி, உப்பி, பலமிழந்து போகும். இறப்பர் விளைகிற நாட்டில் பிறந்தும் எனக்கு அது அன்றுதான் தெரியும்.

"இப்படியே ஓட்டியிருந்தால்?" என்று கேட்டேன்.

"ஒருநாள் விசிறியின் அலகு உடையும். ரேடியேட்டருக்குள் போகும். தண்ணீர் முழுவதும் போய்விடும்" என்றார். சற்று நிறுத்தி, "அது சமதரையில் நடக்காது சேர். ஏற்றத்தில்தான் நடக்கும். பின்னால் அந்த மிக்சரும் இருக்கும்" என்றார்.

அவன் சொன்னதும் அதுதான். நடுவுல நின்டா பின்னால மிக்சரோட என்ன செய்ற?

இரண்டு பக்கமும் புது மவுண்டிங் போட்டார். ஒன்று போனால் மற்றதும் களைத்திருக்கும் என்றார். கியர் பெட்டியின் மவுண்டிங்கையும் பார்த்தார். அது நன்றாக இருந்தது. பெக்கிங்கை மாற்றி எண்ணெய்க் கசிவை நிறுத்தினார். எல்லாம் சேர்த்து, இன்ஜெக்டருக்கு நான் கொடுத்ததில் பாதியும் ஆகவில்லை.

அந்தப் பழைய மவுண்டிங்கை ஒரு கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். விளையாட்டுத் திடலில் வாய் ஓயாமல் பேசுவான். எழுப்பி வாசிக்கச் சொன்னால் திக்குவான். நடிக்கிறான் என்று நினைத்து அவனை நீண்ட நேரம் நிறுத்தி வைத்திருக்கிறேன். அவனுடைய றப்பர் எங்கே விட்டிருந்தது என்று நான் ஒருபோதும் குனிந்து பார்க்கவில்லை. பாரம் ஏறும்போது மட்டும் தெரிகிற குறைகள் மனிதர்களிடமும் உண்டு. அவற்றைப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சோதிப்பவன், ஒன்றுமில்லை என்றுதான் தீர்ப்பெழுதுவான். நான் மருமகனின் வார்த்தையைச் சோதிக்கப் போனபோது மிக்சரை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனேன் அல்லவா?

அன்று இஷாவுக்குப் பிறகு தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் "வாங்க நானா" என்றாள். அவ்வளவுதான். மருமகன் உள்ளேயிருந்து வந்து நின்றான். வரும்போது என்னென்னவோ வசனங்களைத் தயார் பண்ணியிருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. நிறுத்தி வைத்த நாலாயிரத்தையும், வேலையில்லாமல் இருந்த வாரங்களுக்கு என் மனதுக்குச் சரியென்று பட்டதையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அதை மேசையில் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் கடதாசியைப் பிரித்து மவுண்டிங்கை வைத்தேன்.

"மகன், நான் உன்னப் பத்திச் சொன்னது பிழை. நாலு பேருக்கு முன்னால சொன்னன். நாலு பேருக்கு முன்னால அதத் திருத்துவன். என்ன மன்னிச்சிக்கோ" என்றேன்.

அவன் கவரைத் தொடவில்லை. மவுண்டிங்கைக் கையிலெடுத்து, இரண்டு தகட்டையும் இழுத்துப் பிரித்துப் பார்த்தான். மறுபடி சேர்த்து வைத்தான். மறுபடி பிரித்தான்.

"எடப் பக்கமா மாமா?"

"ஓ, எடப் பக்கம்."

"ஃபேன் கவர்ல பட்டிச்சா?"

"பட்டுச் சீவியிருந்திச்சி. தேங்காப்பூ மாதிரித் தூள் கொட்டியிருந்திச்சி."

அப்போதுதான் அவன் முகத்தில் ஏதோ இளகியது. "நான் செல்லல்லையா உம்மா?" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். குரல் உடைந்திருந்தது. பணத்துக்காக அல்ல, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் அத்தனை நாளும் காத்திருந்திருக்கிறான். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போடப் போனாள்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு, அன்று விறாந்தையில் இருந்தவர்களை வீட்டுக்கு அழைத்து, மருமகன் இருக்கும்போதே நடந்ததைச் சொன்னேன். ஒருவர் "சின்ன விசயம் தானே சேர், விடுங்க" என்றார். சின்ன விசயம்தான். ஆனால் அதைச் சொல்லி முடிக்கும்வரை எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து உயிர்கள் போயின. பாதையும் மூடிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு இடிந்த சுவர்களைக் கட்ட எல்லா இடத்திலும் மிக்சர் தேவைப்பட்டது. மருமகன் பல நாட்கள் கூலி வாங்காமலே இழுத்துக்கொண்டு போனான். நான் ஒன்றும் கேட்கவில்லை. டீசல் மட்டும் அடித்துக் கொடுத்தேன்.

ஒருநாள் வந்து சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "மாமா, ஏத்தத்துல கியர் மாத்துற நேரம் அடியில 'டிங்' என்டு ஒரு சத்தம் வருது. ஒரே ஒருக்காத்தான்."

நான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

"மிக்சரக் கழட்டாத மகன். அதோடயே போய்ப் பாப்போம்" என்றேன்.